பத்து செகண்டுப் பச்சை

எங்கள் ஊர் மார்க்கெட் ரோட்டை அகலமாக்கி, நடுவில் மரமும் வைத்தார்கள். பள்ளிக்கூடம் எதிர்ப்பக்கம். நடந்து கடக்கப் பச்சை விளக்கு பத்தே செகண்டு!

"பிள்ளைகளோட முடியாதுங்கய்யா" என்றோம்.

திறப்பு விழா ஒத்திகைக்கு வந்த பெரிய இன்ஜினியர், "கணக்குப் போட்டாச்சு. முடியாதுன்னு நிரூபிங்க, பார்ப்போம்" என்றார்.

ரோடு கூட்டும் மாடத்தியக்கா, என் ரெண்டு வயசு மகளை அவர் கையில் பிடித்துக் கொடுத்தார். "இன்னிக்கு வண்டி விடலையே. நீங்களே கூட்டிட்டுப் போங்கய்யா."

மகள் ஒவ்வொரு வெள்ளைக் கோட்டிலும் நின்று நின்று குதித்தாள். பாதி ரோட்டில் சிவப்பு விழுந்தது.

"நடுவுல மரத்துக்குத்தான் இடம் விட்டிருக்கீங்க. அப்படியே மரமா நில்லுங்கய்யா!" என்றார் அக்கா.

கூட்டத்தோடு அவரும் சிரித்துவிட்டார். அன்றைக்கே முப்பது செகண்டானது.

அக்கா வாங்கித் தந்த இருபது செகண்டில்தான் எங்கள் பிள்ளைகள் பத்திரமாகப் போய் வருகிறார்கள். அவர் காலில் ஒரு முள்ளும் தைக்கக் கூடாது.