இருநூற்றுப் பதின்மூன்றாவது படி

மடம் மலை உச்சியில் இருந்தது. பாறையில் படி வெட்டும் வேலை சீடர் திருமேனிநாதனுடையது. அடிவாரத்தில் தொடங்கி இருநூற்றுப் பன்னிரண்டு படிகளை ஒற்றை ஆளாக வெட்டியிருந்தார். பிறகு ஒரு மாதமாக ஒன்றுமில்லை.

ஒரு மாலை, உளியைக் குருவின் காலடியில் வைத்தார்.

"வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள், சுவாமி."

"கை வலியா?"

"இல்லை. மாலையில் நீங்கள் பேசும்போது மலையையே பிளந்துவிடலாம் போலிருக்கிறது. காலையில் எழுந்தால் பாறைதான் இருக்கிறது. விடிந்த பின்னும் அணையாத ஒரு சொல்லைச் சொல்லுங்கள். இல்லையென்றால் உளி வேண்டாம்."

"வெயில் ஏறித்தானே வேலைக்குப் போகிறாய்?"

"ஆமாம். முந்தின நாள் நீங்கள் சொன்னதையெல்லாம் எழுதி முடித்துவிட்டுத்தான்."

"நாளை எழுதாதே. விடியும்போது என்னோடு வா."

மறுநாள் இருவரும் கடைசிப் படிக்குச் சற்று மேலே, ஒரு பாறை மறைவில் உட்கார்ந்தார்கள். மடத்துக்குப் பால் சுமக்கும் அங்கம்மாவும் அவள் நாத்தனாரும் ஏறி வந்தார்கள். கடைசிப் படியில் அங்கம்மா குடத்தை இறக்கினாள். படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இன்னைக்கும் இதே படிதான், மதினி. கல்லு வெட்டுற சாமிக்குக் கை ஓஞ்சுபோச்சு," என்றாள் நாத்தனார்.

"வாயை மூடுடி. ஒத்தை ஆளு இத்தனையும் வெட்டியிருக்காரு. ஏற ஏற எனக்கு நெஞ்சு நிமிருது."

"என்னமோ நீ பெத்த பிள்ளை வெட்டின மாதிரி பீத்திக்கிறியே!"

"பீத்திக்குவேன். உங்கண்ணன் மூணு வருசமா நம்ம வாசல்ல கிடந்த கல்லைத் தொடலை. இந்தப் படியைப் பார்த்துட்டு வந்து போன வாரம் புரட்டிப் போட்டாரே!"

அங்கம்மா குடத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு வெறும் பாறையில் கால் வைத்தாள். சறுக்கியது. குடத்தை இறுகப் பிடித்தபடி மண்டியிட்டு விழுந்தாள்.

"பால் சிந்தலை. முழங்காலுதான்," என்று எழுந்து போனாள்.

திருமேனிநாதன் கையை நீட்டினார். குரு மடியிலிருந்து உளியை எடுத்துக் கொடுத்தார்.

அன்று முழுக்கச் சுத்தியல் ஓசை ஓயவில்லை. மாலையில் உரைக்குச் சங்கு ஊதியது. சீடர் வரவில்லை. குரு இறங்கிப் போய்ப் பார்த்தார். அடுத்த படி பாதி வெட்டப்பட்டிருந்தது.

"மன்னிக்க வேண்டும், சுவாமி. அந்த அம்மா நாளை வருவதற்குள் இதை முடித்தாக வேண்டும். இன்று உங்கள் பேச்சைக் கேட்க வர முடியாது."

குரு மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"நானும் பேசப் போவதில்லை. இன்னொரு உளி இருக்கிறதா?"