கனியம்மாவின் தோல்

அந்தக் காலத்தில் ஆடும் நரியும் மட்டுமல்ல, ஆட்டின் தொண்டைக்குள் ஒட்டி ஒட்டிக் குடியிருந்த செல்களும் வாய் ஓயாமல் பேசின. கனியம்மா அப்படியொரு செல். அடுத்து இருந்தவள் அவள் தங்கை பேச்சி. செல்லுக்கு உடம்பேதான் வீடு, தோலேதான் சுவர்.

அந்தத் தோலில் சில புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். தொண்டையைக் காவல் காத்த வெள்ளையணுவுக்குக் கண் கிடையாது. யார் வந்தாலும் தடவிப் பார்ப்பான். அந்தப் புரதம் கையில் பட்டால் விட்டுவிடுவான். படாவிட்டால் ஒரே விழுங்கு.

ஒருநாள் வைரஸ் வந்தான். மேலுக்கு ஒரு துணிகூட இல்லை.

"அக்கா, ஒதுங்க இடம் குடுங்க. காவக்காரன் துரத்துறான்."

கனியம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே விட்டாள். அது அவள் தப்பு என்று சொல்கிறவர்கள் வாயில் மண்ணைத்தான் போட வேண்டும்.

அவளிடம் இருந்ததையெல்லாம் தின்று, உள்ளேயே தன்னைப் போல ஒரு கூட்டத்தைப் பெருக்கினான் அவன். நன்றியென்று ஒரு வார்த்தை இல்லை. புறப்படும்போது மட்டும் அழுகை வந்துவிட்டது.

"இப்படியே போனா விழுங்கிடுவான். உங்க தோல்ல ஒரு துண்டு குடுங்கக்கா."

"வளர்ற தோலுதானே, எடுத்துக்கோ" என்று கனியம்மா தன் கையாலேயே ஒரு துண்டைப் பிய்த்து, புரதத்தோடு அவனுக்குப் போர்த்திவிட்டாள்.

அவ்வளவுதான். கூட்டம் முழுக்கக் கேட்காமல் கொள்ளாமல் ஆளுக்கொரு துண்டைப் பிய்த்துப் போர்த்திக்கொண்டு வெளியே பாய்ந்தது.

"பிடிங்க அவனை! அது என் தோலு!"

காவல்காரன் வைரஸைத் தடவினான். "நம்ம ஆளுதான். நீ போப்பா." பிறகு கந்தலாய்க் கிடந்த கனியம்மாவைத் தடவினான். ஒரு புரதமும் கையில் படவில்லை. "நீ யாரு?"

"நான் யாரா? நான் பொறந்த எடம்டா இது! திருட்டுப்பயலுக்கு வழியை விட்டுட்டு என்கிட்ட வந்து யாருன்னு கேக்குறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

அவன் வாயைத் திறந்தான். அவளுக்கு அவன்மேல் பார்வை இல்லை. வைரஸ் தங்கை வாசலில் போய் நிற்பதைப் பார்த்துவிட்டாள். திறக்காதே என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"பேச்சி!"

அதற்குள் காவல்காரன் அவளை விழுங்கிவிட்டான்.

அக்கா கூப்பிட்ட குரல் பேச்சிக்குக் கேட்டது. வாசலுக்கு வந்தவனைத் தொட்டுப் பார்த்தாள். அக்காவின் தோலேதான். "வாக்கா" என்று திறந்துவிட்டாள்.

அன்று தொடங்கிய அநியாயம்தான், இன்றும் எத்தனையோ வைரஸ்கள் தின்ற வீட்டின் தோலையும் புரதத்தையும் போர்த்திக்கொண்டே அடுத்த வீட்டு வாசலில் போய் நிற்கின்றன.