வெள்ளைப் பூவுக்கு ரெண்டு ஓட்டு

சப்பாணிமுத்து சைக்கிளை வேப்பமரத்தில் சாய்க்கிற சத்தம் கேட்டதுமே உலகம்மை தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிவிட்டாள். ஒளிவதற்காக இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தொட்டியில் பாசி பிடித்து நாளாச்சு, தேய்க்கத்தானே வேண்டும்.

அவருக்கு உலகம்மைதான் குரு; குரு என்றதும் தாடியையும் புலித்தோலையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். உலகம்மைக்கு நாற்பத்து மூன்று வயது. கல்லூரியில் தத்துவம் நடத்தி, அலுத்துப்போய் வேலையை விட்டுவிட்டு, தென்காசிப் பக்கம் ஓர் ஓட்டுவீட்டில் குடியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தேடி வருகிறவர்களுக்குப் பாடம் சொல்வாள். சீடர் சப்பாணிமுத்துவுக்கு அறுபத்தொன்று. கோயில் சுவர்களில் படம் வரைகிறவர். மூன்று வருஷத்தில் ஒரு ஞாயிறு தவறியதில்லை. அவள் தும்மினால்கூட நோட்டில் எழுதிக்கொள்வார்.

அவள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான். மனுசனுக்கு முன்கூட்டியே எழுதி வைத்த சட்டம் எதுவும் கிடையாது, அவன் எதைச் செய்கிறானோ அதுதான் அவன். பிரான்சில் ரெண்டாம் உலக யுத்தம் முடிந்த காலத்தில் சிலர் இப்படி யோசித்தார்கள், படித்தேன், சரியென்று பட்டது, அவ்வளவுதான் என்பாள். சப்பாணிமுத்து அதைச் சிவப்பு மையில் எழுதிக் கட்டம் போட்டு வைத்திருந்தார்.

தொட்டியின் விளிம்புக்கு மேலே அவர் தலை தெரிந்தது.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"ஞாயித்துக்கிழமை வாங்க அண்ணாச்சி."

"நாளைக்குக் காலையில சாரம் கட்டிருவாங்க அம்மா."

உலகம்மை தேங்காய் நாரைக் கீழே வைத்தாள். விஷயம் அவளுக்கும் தெரிந்ததுதான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மன் கோயில் மண்டபச் சுவரில் சப்பாணிமுத்து ஒரு தேரோட்டம் வரைந்தார். அதில் அம்மனுக்குப் பக்கத்தில், தோளை ஒட்டினாற்போல, ஊரில் பறையடித்த மாசாணன் பறையோடு நிற்பார். அந்தப் படம் வரைந்த பதினாறு நாளும் ஆடுகிற சாரத்தைக் கீழே நின்று பிடித்துக்கொண்டிருந்தவர் மாசாணன்தான். அவர் செத்து வருஷம் பலவாகிவிட்டது. ஒரு போட்டோகூடக் கிடையாது. வருஷா வருஷம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அவர் பெண்சாதி பேச்சியம்மாள் அந்தச் சுவருக்கு முன்னால் வந்து நிற்பாள். புருசனைப் பார்ப்பாள். போய்விடுவாள். இப்போது கும்பாபிஷேகம் வருகிறது. பறையடிக்கிறவர் அம்மன் பக்கத்தில் நிற்பது கோயில் கமிட்டியில் நாலு பேருக்கு உறுத்துகிறதாம். அவரை அழித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மரம் போடச் சொல்லிவிட்டார்கள்.

"முடியாதுன்னு சொன்னா?"

"இந்த வட்டாரத்துல ஒரு கோயில்லயும் அப்புறம் கூப்பிட மாட்டாங்க அம்மா."

"வேற ஆளை வச்சு அழிச்சிருவாங்களோ?"

"இங்க எல்லாப் பயலும் எங்கிட்டத் தொழில் படிச்சவன். என் படத்துல கை வைக்க மாட்டான்."

"அப்போ நீங்க அழிச்சாதான் அழியும்."

"ஆமா. அதனாலதான் பூக்கட்டிப் பாத்தேன்."

உலகம்மை கண்ணை மூடிக்கொண்டாள்.

"செவப்புப் பூ வந்தா விட்டுரலாம், வெள்ளைப் பூ வந்தா அழிச்சிரலாம்னு ரெண்டு பொட்டலம் கட்டி, எங்க குலசாமி முன்னால போட்டேன். செவப்பு வந்துட்டு."

"வந்துட்டுல்லா? அப்புறம் என்ன?"

"மனசு கேக்கல. சாஸ்தா கோயிலுக்குப் போனேன். வெள்ளை. சரி, ஒண்ணுக்கு ஒண்ணு ஆயிட்டுதேன்னு பிள்ளையார் கோயில்லயும் போட்டேன். வெள்ளை."

"சாமிங்களுக்கு ஓட்டெடுப்பா நடத்துதீங்க?"

"ரெண்டுக்கு ஒண்ணு, அம்மா."

"அப்போ தீர்ப்பு ஆயிட்டு. எங்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

"அதுவும் மனசு கேக்கல."

உலகம்மைக்குத் தலையைத் தொட்டிச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. மூன்று வருஷப் பாடம்! தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் எங்கே போயிற்று?

"வெள்ளைன்னா அழிக்கணும்னு எந்தச் சாமி அண்ணாச்சி சொல்லிச்சு?"

"அது… நான்தான் அப்படி நினைச்சுக்கிட்டேன்."

"நீங்களே அர்த்தம் வைப்பீங்க, நீங்களே பூவைக் கட்டுவீங்க, பிடிக்கலேன்னா நீங்களே அடுத்த கோயிலுக்கும் போவீங்க. பாவம், சாமிக்கு இதுல என்ன வேலை?"

"அதானே அம்மா நீங்க சொல்லிக் கொடுத்தீங்க! மனுசனுக்கு முழுச் சுதந்திரம்னு. அந்தச் சுதந்திரத்தை இப்போ எந்தப் பக்கம் வைக்கணும்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா போதும்."

அவர் முகத்தில் கேலி ஒரு துளிகூட இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அந்த மாசாணன வரையச் சொன்னது யாரு? கமிட்டியா?"

"யாரும் சொல்லல. கை அதுபாட்டுக்கு வரைஞ்சிட்டு."

"கையா? பறையில எத்தனை வார் இருந்துச்சு, காதுல என்ன போட்டிருந்தாரு, எல்லாம் கையே பாத்து வச்சிருந்துச்சாக்கும்?"

"நாம கூலிக்கு வரையறவங்கதானே அம்மா. சொன்னதை வரையணும். இது என்ன, பெரிய ஓவியமா?"

"அப்போ அழிங்க!" என்று உலகம்மை கத்தினாள். தொட்டிக்குள் அந்தக் குரல் இரண்டு மடங்காகக் கேட்டது. "போய் அழிச்சிருங்க! நிம்மதி!"

சப்பாணிமுத்து பையிலிருந்து நோட்டை எடுத்தார். தேதி போட்டார். 'அழிக்கவும் — அம்மா' என்று எழுதினார்.

உலகம்மை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இல்ல, அழிக்காதீங்க" என்றாள்.

அவர் அதை அடித்துவிட்டு, கீழே 'அழிக்க வேண்டாம் — அம்மா' என்று எழுதினார். இதையும் அதே பவ்வியத்தோடுதான் எழுதினார்.

அவள் எட்டி அந்த நோட்டைப் பிடுங்கினாள். தொட்டியின் மூலையில் பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளி இருந்தது. அதற்குள் போட்டுவிட்டாள்.

"ஐயோ! மூணு வருசம் அம்மா!"

"எனக்கும்தான் மூணு வருசம்."

சிவப்பு மை மெல்லத் தண்ணீரில் கலந்தது. சப்பாணிமுத்து தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். அழுதுவிடுவார் போலிருந்தது. உலகம்மைக்குக் கோபம் இறங்கவில்லை, ஆனால் பாவமாகவும் இருந்தது. அறுபத்தொரு வயசு மனுசன்.

குனிந்தபடியே அவர் சொன்னார்: "நான் எதையும் செஞ்சிருவேன் அம்மா. அழிக்கச் சொன்னாலும் சரி, விடச் சொன்னாலும் சரி. எனக்குப் பயம் அது இல்ல."

"பின்ன?"

"விட்டா, யாரைக் கேட்டு விட்டேன்னு கமிட்டில கேப்பாங்க. அழிச்சா, யாரு சொல்லி அழிச்சேன்னு பேச்சியம்மாள் கேப்பா. அப்போ சொல்லதுக்கு ஒரு பேரு வேணும்லா?"

உலகம்மை தொட்டியிலிருந்து ஏறி வந்தாள். முந்தானையைப் பிழிந்தாள். கோபமெல்லாம் போய் வெறும் களைப்புதான் மிஞ்சியிருந்தது.

"சுவர் வேலை முடிஞ்சதும் கடைசியா என்ன எழுதுவீங்க?"

"உபயம்னு போட்டு, பணம் கொடுத்தவங்க பேரை எழுதுவேன்."

"உங்க பேரு?"

"கோயில் சுவர்ல வரையறவன் பேரைப் போடுத வழக்கம் இல்லையே அம்மா."

"நாளைக்குப் போடுங்க. மரம் வரைஞ்சா மரத்துக்குக் கீழ. மாசாணன விட்டு வச்சா மாசாணனுக்குக் கீழ."

"என் பேரையா?"

"உங்க பேரைத்தான்."

சப்பாணிமுத்து தொட்டி விளிம்பிலிருந்து கையை எடுத்தார். வேப்பமரத்தடிக்குப் போய்ச் சைக்கிளை நிமிர்த்தினார். பெடலில் கால் வைத்தவர் ஏறாமல் நின்றார்.

"எத்தாந்தண்டி எழுதட்டும் அம்மா?"

"பெருசாவே எழுதுங்க அண்ணாச்சி. பேச்சியம்மாளுக்கு வாசிக்கத் தெரியும், ஆனா கண்ணாடி கிடையாது."