முட்டி நின்ற இரண்டு பல்லக்குகள்

முன்னொரு காலத்தில், எந்த நாடென்று மட்டும் கேட்காதீர்கள், ஒரு ராஜா இருந்தார். ஒருநாள் அவருக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. "என் மந்திரியும் சேனாதிபதியும் சமமானவர்கள். ஒருவருக்காக மற்றவர் ஓரடிகூடப் பின்வாங்கக் கூடாது!" என்று ஆணை போட்டுவிட்டார்.

மறுநாள் காலையிலேயே வந்தது வினை. குறுகலான செக்கடித் தெருவில் கிழக்கிலிருந்து மந்திரி அம்பலவாணரின் பல்லக்கும், மேற்கிலிருந்து சேனாதிபதி வீரமுடையாரின் பல்லக்கும் வந்து முட்டிக்கொண்டன. பல்லக்கு ஒதுங்க இடமில்லை. முதலில் இறங்குவதும் அவமானம், திரும்பிப் போவதும் அவமானம். முட்டுக்கட்டை என்றால் தேர்ச் சக்கரத்தடியில் போடுகிற மரக்கட்டை என்றுதான் நாம் நினைத்திருக்கிறோம். பட்டுடுத்தி மீசை முறுக்கிய கட்டைகளும் உண்டென்று அந்த ஊர் அன்றைக்குத்தான் கண்டது. உச்சி வெயில் ஏறிவிட்டது, பல்லக்குத் தூக்கிகளின் தோள் வீங்கிவிட்டது.

விகடகவி சாத்தப்பன்மேல் இருவருக்கும் நெடுநாள் பொறாமை. அதில் மட்டும் அப்படியொரு ஒற்றுமை! ராஜாவுக்குச் சொல்லியனுப்பினார்கள்: "எங்களில் எவரும் பின்வாங்காதபடி சாத்தப்பன் வழி பண்ணட்டும், பிரபு. பொழுது சாய்வதற்குள் முடியாவிட்டால் நாட்டைவிட்டே போகட்டும்." ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

சாத்தப்பன் கைகூப்பினான். "உத்தரவு, மகாராஜா. தங்கள் வெண்கொற்றக் குடையை மட்டும் இரவல் தர வேண்டும்."

"குடை எதற்கடா?"

"வெயில் கடுமை, பிரபு."

அந்த நாட்டில் ராஜாவின் குடையைக் கண்டால் எவராயிருந்தாலும் அந்தக் கணமே வாகனத்தைவிட்டு இறங்கியாக வேண்டும். செக்கடித் தெருவில் சாத்தப்பன் பிடித்து வந்த குடை தென்பட்டதுதான் தாமதம், இரண்டு பெரிய மனிதர்களும் ஒரே நேரத்தில் பொத்தென்று குதித்தார்கள். வேடிக்கை பார்க்க ராஜாவும் குடைக்குப் பின்னாலேயே வந்துவிட்டார்.

"நான் பின்னால் போகமாட்டேன், தெரிந்துகொள்!" என்று உறுமினார் சேனாதிபதி.

"பின்னால் போகச் சொன்னது யார், ஐயா?" என்றான் சாத்தப்பன். " இருவரும் நேரே முன்னால் நடங்கள். எதிரே நிற்கிற பல்லக்கில் ஏறிக்கொள்ளுங்கள்."

மந்திரி சேனாதிபதியின் பல்லக்கில் ஏறினார், சேனாதிபதி மந்திரியுடையதில் ஏறினார். தூக்கிகள் நின்ற இடத்திலேயே திரும்பி, வந்த வழியே நடந்தார்கள். மந்திரி மேற்கே போனார், சேனாதிபதி கிழக்கே போனார். எவரும் ஓரடிகூடப் பின்வாங்கவில்லை. அடேயப்பா, என்ன மூளை!

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பன் கழுத்தில் போட்டார். பிறகு, போய்க்கொண்டிருந்த தூக்கி ஒருவனைக் கூப்பிட்டுக் கேட்டார்: "நீங்கள் பின்வாங்கிவிட்டீர்களே, உங்களுக்கு அவமானம் இல்லையா?"

"அதெல்லாம் நமக்கு ஏதுங்க சாமி? பசிக்குதுங்க!"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. ஆணையை அங்கேயே ரத்து செய்தார். அன்று மாலை தூக்கிகள் எல்லோருக்கும் அரண்மனையில் விருந்து. பரிமாறியது யார் தெரியுமா? பந்தியின் ஒரு கோடியிலிருந்து மந்திரி, மறு கோடியிலிருந்து சேனாதிபதி. சாம்பார் வாளியோடு நடுவில் முட்டிக்கொண்டபோது, ராஜா பார்க்கிறாரென்று தெரிந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் ஓரடி பின்வாங்கினார்கள். அதைக் கண்டு ராஜா சிரித்த சிரிப்பில் பந்தியே அதிர்ந்ததாம்!