சறுக்கிய பல்லக்கு

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்டு என் உயிரை வாங்காதீர்கள், ஒரு ராஜா இருந்தார். பல்லக்கை விட்டு இறங்காமலே மலைக்கோயிலுக்குப் போக வேண்டும் என்று அவருக்கு ஒரு ஆசை. அமைச்சர் அனவரதராயர், ஏற்கெனவே இருந்த படிகளை இடித்துவிட்டு, வளைவே இல்லாத ஒரு கருங்கல் சாய்தளம் கட்டினார். முதல் நாளே ராஜா பின்பக்கமாகச் சறுக்கி, தான் ஒரு பக்கம், கிரீடம் ஒரு பக்கமாக விழுந்தார்.

"தளம் உள்ளங்கையைப் போலச் சமமாக இருக்கிறது, பிரபு. குற்றம் தூக்கியவர்களுடையது" என்றார் அமைச்சர். பல்லக்குத் தூக்கிய நால்வருக்கும் சவுக்கடி என்று தீர்ப்பாயிற்று. கட்டியவர் ஒருவர், அடி வாங்குபவர்கள் வேறு! பற்றிக்கொண்டு வருகிறதா இல்லையா?

அரசவை விகடகவி வெண்காடன் எழுந்தான். "பிரபு, இரண்டு இடங்களைக் காட்டச் சொல்லுங்கள். ஒன்றிலிருந்து மற்றதற்கு எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு முன்னே போகிறது என்று அளப்பேன். ஏறிய அளவை முன்னே போன அளவால் வகுத்தால் சாய்வு. குற்றம் யாருடையது என்று தெரிந்துவிடும்."

"தெரியாவிட்டால் உனக்கும் சவுக்கடி" என்றார் ராஜா.

எல்லோரும் மலைக்குப் போனார்கள். "இடங்களை நான்தான் காட்டுவேன்" என்று அமைச்சர் முந்திக்கொண்டார். தளத்தின் மேல்முனையில், பக்கவாட்டு விளிம்பில் ஒரு சுண்ணாம்புப் புள்ளி. அதற்கு நேர் கீழே, தரையில் இன்னொன்று. "எங்கே, இதற்குச் சாய்வு சொல், பார்க்கலாம்!"

வெண்காடன் தலையில் அடித்துக்கொண்டான். உயரம் இருக்கிறது, முன்னே போனது ஒன்றுமேயில்லை. எதால் வகுப்பது?

"பிரபு, அமைச்சர் காட்டிய வழியில் அவரே மேலிருந்து கீழே நடந்து வரட்டும். எவ்வளவு முன்னே வருகிறாரோ, அதால் வகுத்து உடனே சொல்லிவிடுகிறேன்."

"நடவும்" என்றார் ராஜா.

அமைச்சர் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார். "ஐயோ பிரபு, இதில் எப்படி நடப்பது? விழுந்து செத்துவிடுவேன்!"

"நடக்க முடியாத இடத்துக்குச் சாய்வு ஏதய்யா? பல்லக்குப் போன வழியில் காட்டும்!" என்று ராஜா கத்தினார்.

அமைச்சர் தளத்தின் மேலேயே இரண்டு புள்ளி வைத்தார். அளந்தால், நான்கு முழம் முன்னே போவதற்குள் மூன்று முழம் ஏறியது. வேறு இரண்டு இடம் காட்டினார். எட்டுக்கு ஆறு. இன்னும் இரண்டு காட்டினார். அதே விகிதம்தான்.

"எங்கே தொட்டாலும் இதுதான், பிரபு. ஆடுகூட யோசித்துத்தான் ஏறும். இந்த மனிதர்கள் உங்களைச் சுமந்துகொண்டு வேறு ஏறினார்கள்" என்றான் வெண்காடன்.

ராஜா தன் தொந்தியைத் தடவிப் பார்த்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி வெண்காடன் கழுத்தில் போட்டார். நால்வரையும் விடுவித்தார். பிறகு அமைச்சர் பக்கம் திரும்பினார்.

"உள்ளங்கை என்றீரே, பல்லக்கில் ஏறி உட்காரும்."

அந்த நால்வரும் என்றைக்கும் இல்லாத உற்சாகத்தோடு ஓடிவந்து பல்லக்கைத் தூக்கினார்கள்.