மருதாணி அரசர்

முன்னொரு காலத்தில், கண்ணாடியைக் கண்டால் போகிற வழியை மறந்து நின்றுவிடும் அரசர் ஒருவர் இருந்தார். தலைநகரின் ராஜவீதியில் எங்கு திரும்பினாலும் தாமே நிற்க வேண்டும் என்று ஒருநாள் அவருக்குத் தோன்றிவிட்டது. அரண்மனை விகடகவி சாத்தன், தோட்டக்காரி காத்தாயியை அழைத்து வந்தான். அவள் வீதியின் இருபுறமும் மருதாணி நட்டு வளர்த்து, ஒவ்வொரு செடியையும் கத்தரித்துக் கத்தரித்து அரசராகவே ஆக்கிவிட்டாள். பச்சை மகுடம், பச்சை மீசை, பச்சைத் தொந்தி. அரசர் பூரித்துப்போய் சாத்தனின் முதுகில் தட்டினார்.

மந்திரி மகுடபதிக்குப் பொறாமையில் அன்று சோறு இறங்கவில்லை. ஒரு செடியின் தோளில் விட்டிருந்த துளிரைக் காத்தாயி நறுக்கியபோது, காவலரை ஏவி அவளைப் பிடித்துச் சபைக்குக் கொண்டுவந்தார்.

“அரசரின் உருவத்தில் எவர் இரும்பை வைத்தாலும் அவர் கையை வெட்ட வேண்டும். இது நம் நாட்டுச் சட்டம்” என்றார்.

காசில் பதித்த அரசர் முகத்தைச் சுரண்டுகிறவர்களுக்காக முன்னோர் யாரோ போட்ட சட்டம் அது. இருந்தாலும் அரசர் தலையாட்டினார்.

“செடின்னா வளரும் சாமி. வெட்டாம எப்படி?” என்று காத்தாயி கேட்டாள்.

சாத்தன் முன்னால் வந்தான். அவளை அழைத்து வந்தவனே அவன்தான்.

“அரசே, தண்டனை கார்த்திகைத் திருவிழா வரை பொறுக்கட்டும். அதுவரை இந்தச் சட்டத்தை நானே காக்கிறேன். ஒரு கத்தரிகூட ராஜவீதிப் பக்கம் வராது.”

மந்திரி சிரித்தபடி ஒப்புக்கொண்டார். காத்தாயியைச் சிறையில் அடைத்தார்கள்.

ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. திருவிழாவன்று அரசர் யானைமேல் பவனி வந்தார். வீதி திரும்பியதும் யானை நின்றுவிட்டது. பச்சைத் தொந்திகள் வழியை அடைத்திருந்தன. மீசைகள் முழங்காலைத் தொட்டன. காதுகளிலிருந்து கிளைகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஜனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

“என்ன பூதங்கள் இவை?”

“தாங்கள்தான், அரசே” என்றான் சாத்தன்.

“உடனே வெட்டு!”

“மாட்டேன்.”

“என்ன சொன்னாய்?”

“மாட்டேன் என்றேன். எனக்கு இரண்டு கையும் வேண்டும். சட்டம் சொன்ன மந்திரியார் வெட்டட்டுமே.” சாத்தன் மடியிலிருந்து ஒரு கத்தரியை எடுத்து நீட்டினான்.

மகுடபதி இரு கைகளையும் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார். “எனக்குத் தோள்வலி, அரசே.”

காவலர்களோ ஆளுக்கொரு அடி பின்வாங்கினார்கள். அரசர் கீழே இறங்கிக் கத்தரியைத் தாமே பிடுங்கினார்.

“அரசே, ‘எவர்’ என்றால் தாங்களும்தான். இப்படிச் சொன்னதற்காக என் தலையை எடுத்தாலும் சரி, செடி நாளைக்கும் வளரும்” என்றான் சாத்தன்.

அரசர் கத்தரியும் கையுமாக நின்றார். அந்த நேரம் பார்த்து ஒரு காகம் பச்சை மகுடத்தில் உட்கார்ந்து எச்சமிட்டது. முதலில் சிரித்தவர் அரசர்தான். பிறகு வீதியே சிரித்தது, மந்திரியைத் தவிர.

சட்டம் அங்கேயே ரத்தானது. அரசர் தம் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தனின் கழுத்தில் போட்டார். சிறையிலிருந்து காத்தாயியை அழைத்துவந்து, கத்தரியை அவளிடமே கொடுத்தார்.

“பழையபடி என்னை அழகாக்கு, அம்மா.”

காத்தாயி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள். “யானை கேளுங்க சாமி, வெட்டித் தர்றேன். மயில் கேளுங்க, அதுவும் தர்றேன். அதுங்க சட்டம் போடாது.”

அரசருக்கு மறுபடியும் சிரிப்பு பீறிட்டது. “யானையே இருக்கட்டும்” என்றார்.