ஐந்நூறு லிட்டர் டிக்கி

கொட்டாங்குடிக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இருக்கிறது. எடுத்துப் பயன்படுத்தினால் தேய்ந்துவிடுமே என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர்க் கல்யாணச் சமையல் கோஷ்டிக்குச் சித்திரவேல் மாஸ்டர் தலைவர். காய் நறுக்கச் செவத்தையன். வண்டி ஓட்டவும் பரிமாறவும் மயில்வாகனம். மாஸ்டரின் கைப்பக்குவத்தில் யாரும் குறை சொன்னதில்லை. சாப்பாடு வந்து சேர்ந்தால்தானே குறை சொல்வதற்கு? போன மாதம் வாடகை வேன் வழியில் நின்றுபோய், ஜனங்கள் கை கழுவிவிட்டு மொய் எழுதும்போதுதான் சாம்பார் மண்டபத்துக்குள் நுழைந்தது.

இப்போது அரிசி மண்டி அருணாசலம் வீட்டுக் கல்யாணம். மண்டபத்தில் இருப்பது ஒரே அடுப்பு, அது சோற்றுக்கே சரியாகிவிடும். மற்றதையெல்லாம் ஊரில் சமைத்து எடுத்துப் போக வேண்டும்.

"மாஸ்டர், வெள்ளிக்கிழமை பந்தி நேரத்துக்குச் சாம்பார் வரலேன்னா, இந்தத் தாலுகாவுல இனிமே நீங்க கரண்டி பிடிக்க முடியாது" என்று அருணாசலம் சிரித்துக்கொண்டே சொன்னார். கரண்டியைத் தவிர வேறெதையும் பிடிக்கத் தெரியாத மனிதர் மாஸ்டர். சொந்தமாக ஒரு வண்டி வாங்கிவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தார்.

மெக்கானிக் பிச்சைமணி யோசனை சொன்னார். "பழைய ஸ்டேஷன் வேகன் பாருங்க. கூரை பின்னால வரைக்கும் போகும், டிக்கி ஒரு ரூம் மாதிரி இருக்கும். ஆனா எவ்வளவு கொள்ளும்னு நீங்களே அளந்து பாக்காம வாங்கிடாதீங்க. விக்கிறவங்க வாய்க்கு வந்ததைச் சொல்லுவாங்க."

மாஸ்டர் இதை வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனார்.

அங்கே பழைய கார் விற்கும் ஹமீது பாய் பிஸ்கட் நிறத்தில் ஒரு நீளமான காரைக் காட்டி, "டிக்கி மட்டும் ஐநூறு லிட்டர், மாஸ்டர்" என்றார்.

மாஸ்டர் முகம் மலர்ந்துவிட்டது. இஞ்சின், கியர் என்று பேசினால் அவருக்கு ஒன்றும் புரியாது. லிட்டர் புரியும்.

"நாங்க அளந்து பாக்கலாமா பாய்?"

"தாராளமா அளந்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் பாய் மதியச் சாப்பாட்டுக்குப் போனார். அவர் வாழ்க்கையில் நிம்மதியாகச் சாப்பிட்ட கடைசிச் சாப்பாடு அதுவாகத்தான் இருக்கும்.

"எதால அளக்கிறது மாஸ்டர்?" என்றான் செவத்தையன்.

"லிட்டரை முழத்தாலயா அளப்பாங்க? தண்ணி கொண்டாடா."

கார் கழுவும் பத்து லிட்டர் வாளி அங்கேயே இருந்தது. பின்கதவைத் தூக்கி ஆறு வாளி ஊற்றினார்கள். ஆறும் அப்படியே மயில்வாகனத்தின் காலில் வந்து விழுந்தது.

"ஒண்ணுமே கொள்ளல மாஸ்டர். பாய் ஏமாத்திட்டாரு."

"கதவைத் திறந்துபோட்டா எப்படிடா நிக்கும்? மூடு."

"மூடிட்டா எப்படி ஊத்துறது?"

மூவரும் உட்கார்ந்து ஆலோசித்தார்கள். கால்மணி நேரத்துக்குப் பிறகு மாஸ்டர் ஜன்னலைக் கண்டுபிடித்தார். ஜன்னல் வழியாக ஊற்றினால் அடியில் ஒழுகியது. ஒழுகும் பாத்திரம் சமையல்காரனுக்குப் புதிதா என்ன? பக்கத்துக் கடையில் மைதா வாங்கிக் கெட்டியாகப் பிசைந்து கதவிடுக்கு, சீட்டிடுக்கு, ஓட்டை உடைசல் எல்லாம் அடைத்தார்கள். மட்டம் பார்க்கச் செவத்தையனை உள்ளே குந்தவைத்தார்கள்.

நாற்பத்து நான்காவது வாளியில் செவத்தையன் கத்தினான். "மாஸ்டர், விளிம்புக்கு வந்துருச்சு. எனக்குக் கழுத்துக்கு வந்துருச்சு!"

மாஸ்டர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். அறுபது லிட்டர் குறைகிறதே! பிறகுதான் உறைத்தது. "அடேய், நீயே ஒரு அறுபது லிட்டர் இருப்பியேடா! வெளிய வா."

அவன் வந்தான். இன்னும் ஆறு வாளி பிடித்தது. மாஸ்டருக்குக் கண் கலங்கியது. பல்குத்திக்கொண்டே திரும்பி வந்த பாய், குளமாகிக் கிடந்த காரைப் பார்த்து வாயைத் திறந்தார். அதற்குள் மாஸ்டர் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஒரு சொட்டு கூடல, குறையல. உங்களை மாதிரி நேர்மையான ஆளை நான் பாத்ததே இல்ல பாய். வண்டியை எடுத்துக்கிறோம்."

பாய் திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை சாம்பார் பிரமாதமாக வந்திருந்தது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்து அண்டாவைத் தூக்கி வண்டிக்குக் கொண்டுபோனார்கள். நுழையவில்லை. அண்டாவின் வாய் டிக்கியின் வாயைவிட நான்கு விரல் அகலம். சாய்த்தால் கொட்டும், நிமிர்த்தினால் இடிக்கும். மாஸ்டர் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். மணி பத்து. பந்தி பதினொன்றரைக்கு. இத்தோடு தன் பிழைப்பு போயிற்று என்று அவருக்கு அழுகை வந்துவிட்டது.

செவத்தையன் வெகுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டான். "மாஸ்டர், கல்யாணத்துக்கு அண்டா போகணுமா, சாம்பார் போகணுமா?"

"சாம்பார்தான்டா போகணும்."

"வண்டி ஐநூறு லிட்டர் கொள்ளும்னு நாமதானே அளந்தோம்?"

மாஸ்டர் எழுந்து அவனைக் கட்டிக்கொண்டார். ஆனாலும் தொழில் சுத்தம் உள்ளவர். டிக்கியைப் புளிபோட்டு மூன்று முறை தேய்த்துக் கழுவி, இடுக்கெல்லாம் புது மைதா அடைத்த பிறகுதான் ஜன்னல் வழியாகச் சாம்பாரை ஊற்றவிட்டார்.

பந்திக்குப் பத்து நிமிஷம் முன்பே வண்டி மண்டபத்துக்கு வந்துவிட்டது. வாசலில் நின்ற அருணாசலம், "சாம்பார் வந்துருச்சா?" என்றார்.

"வந்துருச்சுங்க ஐயா" என்றார் மாஸ்டர். அந்த வார்த்தையைச் சொல்ல எத்தனை நாள் காத்திருந்தார்!

"அண்டா எங்கய்யா?"

மாஸ்டர் மயில்வாகனத்துக்குக் கையைக் காட்டினார். மண்டபத்தின் பெரிய கதவுகள் இரண்டும் திறந்தன. பந்திப்பாயில் எதிரெதிராக உட்கார்ந்திருந்த இரண்டு வரிசைக்கு நடுவே மயில்வாகனம் காரைப் பின்பக்கமாக ஓட்டிக்கொண்டு வந்தான். செவத்தையன் கதவடி மைதாவில் ஒரு விரலளவு கிள்ளி எடுத்து, ஒழுகுவதைக் கரண்டியில் பிடித்து, "சாம்பார், சாம்பார்" என்று இலைக்கு இலை ஊற்றினான். நடுநடுவே கட்டைவிரலால் அடைத்துக்கொண்டான். ஜனங்களுக்கு நல்ல பசி, ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஒரு பெரியவர் மட்டும், "தம்பி, வண்டியை இன்னும் ரெண்டடி பின்னால எடுப்பா, எனக்குக் காய் விழல" என்றார்.

அருணாசலம் துண்டால் முகத்தைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். பிறகு ஈனக்குரலில் கேட்டார். "மாஸ்டர்... ரசம்?"

"ஊர்ல கொதிச்சுக்கிட்டிருக்குங்க" என்ற மாஸ்டர், வாசலில் ரோஜாச் சரம் கட்டி நின்ற மாப்பிள்ளையின் புதுக் காரைச் சுற்றி வந்து, டிக்கியை விரலால் தட்டிப் பார்த்தார்.

"ஐயா, இது எத்தனை லிட்டர்?"